பெயர் யாருக்குப் போய்ச் சேர்கிறது?
செயற்கைப் போதைப்பொருட்கள், தடயவியல், இயந்திரக் கற்றல்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1

1979 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சு கவுண்டியில், மிகையளவு ஹெராயினால் சாகிறவர்களைப் போலவே சிலர் செத்துப்போனார்கள். அறிகுறிகள் எல்லாம் அபினி வகையைச் சுட்டின. ஆனால் உடற்கூற்றுச் சோதனையில் ஹெராயினும் இல்லை, ஆய்வகங்கள் அதுவரை அறிந்திருந்த வேறெந்தப் போதைப்பொருளும் இல்லை. தெருவில் அந்தத் தூளுக்குப் பெயர் இருந்தது: 'சைனா ஒயிட்'. அதுவும் இரவல் பெயர்தான். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த தூய ஹெராயினுக்கு வைத்த பெயரை இதற்கும் வைத்து விற்றார்கள். தெருவுக்குத் தெரிந்த பெயர் பொய். ஆய்வகத்திடமோ பெயரே இல்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் நிறுவனம் 1960வாக்கில் உருவாக்கிய ஃபென்டனில் என்ற வலிநீக்கி மூலக்கூறில் யாரோ ஒரு மெத்தில் தொகுதியைக் கூடுதலாக ஒட்டியிருந்தார்கள். ஆல்ஃபா-மெத்தில்ஃபென்டனில். 1981 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. அதற்குள்ளேயே ஃபுளோரின் ஒட்டிய இன்னொன்று தெருவுக்கு வந்துவிட்டது. 1984இல் மெத்தில் தொகுதியை வேறொரு இடத்தில் ஒட்டிய மூன்றாவது வந்தது. டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கேரி ஹெண்டர்சன் இவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் வைத்தார்: டிசைனர் டிரக்ஸ். சட்டத்தின் அட்டவணையைப் பார்த்து, அதில் இல்லாதபடி வெட்டித் தைத்த மருந்துகள்.

இந்த வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்ததும் தடை வருகிறது. தடை வந்ததும் பெயரில்லாத அடுத்த பொருள் பிறக்கிறது. 'இனங்காணப்படாத பொருள்' என்று தடயவியல் அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அந்த 'இனங்காணப்படாமை' மூலக்கூறின் குணமல்ல. ஒரு பட்டியல் இருந்தால்தான் பட்டியலில் இல்லாதது என ஒன்று இருக்கமுடியும். தெரியாதது என்பதைத் தெரிந்தவற்றின் ஆவணக்காப்பகமே உற்பத்தி செய்கிறது. இன்று இந்த ஆவணக்காப்பகத்தை ஒரு கணினி படித்து, இனி வரப்போகும் போதைப்பொருட்களை முன்கூட்டியே எழுதித் தருகிறது. அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வரலாற்றைப் பேசியாக வேண்டும்.

2

வரலாறு 1979இல் தொடங்கவில்லை. 1925ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட சர்வதேச அபினி ஒப்பந்தம் ஹெராயின்மீதான கட்டுப்பாட்டை இறுக்கியது. ஹெராயின் என்பது மார்ஃபினோடு இரண்டு அசெட்டைல் தொகுதிகள் சேர்ந்தது. சரி, அசெட்டைல்தானே கூடாது? பென்சாயில் சேர்க்கலாமே? புரோப்பியோனைல் சேர்க்கலாமே? அப்படியே செய்தார்கள். டைபென்சாயில்மார்ஃபின், அசெட்டைல்புரோப்பியோனைல்மார்ஃபின் என்ற பெயர்களில் ஹெராயினின் தம்பிமார்கள் சந்தைக்கு வந்தார்கள். சர்வதேசச் சங்கம் விழித்துக்கொண்டு 1931ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 'மார்ஃபினின் ஏனைய எஸ்டர்கள்' அனைத்தையும் சேர்த்தது. அதே ஒப்பந்தம் இன்னொரு காரியமும் செய்தது. அபினியின் குறிப்பிட்ட ஆல்கலாய்டுகளிலிருந்தும் கோக்கா இலையின் ஆல்கலாய்டுகளிலிருந்தும் இனி யார் எந்தப் புதுப்பொருளை எடுத்தாலும், அதற்கு மருத்துவ அல்லது அறிவியல் மதிப்பு உண்டென்று நிலைநாட்டும்வரை வணிகம் கூடாது என்றது. இன்னும் பிறக்காத பிள்ளைமீது சட்டம் கைவைத்தது அங்கே.

1977இல் பிரிட்டன் ஒருபடி மேலே போனது. தனித்தனிப் பெயர்களைப் பட்டியலிடுவதை விட்டு, ஃபெனெத்தைலமின் என்ற எலும்புக்கூட்டை வரைந்து, அதன் இன்னின்ன இடங்களில் இன்னின்ன தொகுதிகளை ஒட்டினால் வருவதெல்லாம் குற்றம் என்று எழுதியது. அந்த வாக்கியத்துக்குள் உலகில் எவரும் செய்துபார்த்திராத எண்ணற்ற மூலக்கூறுகள் அடங்கின. ஒரு சட்ட வாக்கியமே மூலக்கூறுகளைப் பெற்றுப்போடும் இலக்கணமாக மாறிய தருணம் இது. பின்னால் வரப்போகும் கணினிக்கு இந்தச் சட்ட எழுத்தைத்தான் முன்னோடி என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்கா வேறு வழி போனது. 1984இல் அவசரத் தடைக்கான அதிகாரம். 1986இல் ஒப்புமைப் பொருட்கள் சட்டம். தடைசெய்யப்பட்ட ஒன்றின் கட்டமைப்போடு 'கணிசமான ஒற்றுமை' இருந்தால் புதுப்பொருளும் குற்றமே. கணிசம் என்றால் எவ்வளவு? 1992இல் கொலராடோவில் ஃபோர்ப்ஸ் வழக்கில் இந்தக் கேள்வி வெடித்தது. ஆல்ஃபா-எத்தில்டிரிப்டமின் என்ற பொருள் தடைசெய்யப்பட்ட டிரிப்டமின்களை ஒத்திருக்கிறதா என்று கேட்டால் வேதியியலாளர்களே ஒத்துப்போகவில்லை. அறிவியலாளர்களே கருத்தொருமிக்காதபோது சாதாரண மனிதன் எப்படி முன்கூட்டி அறிந்திருக்க முடியும் என்று கேட்ட நீதிமன்றம், அந்தப் பொருளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவற்றது என்று தள்ளியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே பொருளை 1961இல் அப்ஜான் நிறுவனம் மனச்சோர்வு மருந்தாக விற்றிருந்தது. 2016இல் பிரிட்டன் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, சாராயம், புகையிலை, காப்பி, மருந்துகள் என்று சில விதிவிலக்குகளைத் தவிர, மனத்தைப் பாதிக்கிற எந்தப் பொருளை விற்றாலும் குற்றம் என்று சட்டம் போட்டது. சாராயம் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே.

1989இல் அளித்த நேர்காணல் ஒன்றில் தெரிதா இதைத்தான் எடுத்துக்காட்டினார். 'போதைப்பொருள்' என்பது அறிவியல் கருத்தாக்கம் அல்ல. அது அறமதிப்பீடுகளாலும் அரசியலாலும் நிறுவப்பட்டது என்பது அவர் வாதம். நமக்கு இதைப் புரியவைக்கத் தெரிதாவே வேண்டியதில்லை. ஊரில் 'மருந்து சாப்பிட்டான்' என்றால் பிழைக்கப் பார்க்கிறான் என்று பொருள். 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வினைச்சொல்லும் தொனியும்தான் மருந்தை நஞ்சாக்குகின்றன. சட்டத்தில் அந்த வேலையை அட்டவணை செய்கிறது.

3

சட்டம் பெயர் கேட்கிறது. பெயரை யார் தருவது? தடயவியல் வேதியியல் அங்கேதான் நுழைகிறது.

ஆய்வகங்களில் இதற்கான முக்கியக் கருவி நிறை நிறமாலைமானி. மூலக்கூறை மின்னேற்றி உடைக்கிறார்கள்; முழு மூலக்கூறின் நிறையும் உடைந்த துண்டுகளின் நிறைகளும் கோடுகளாகப் பதிவாகின்றன. ஒவ்வொரு பொருளும் ஏறத்தாழத் தனக்கே உரிய முறையில் உடைகிறது. வேதியியலாளர்கள் இந்தக் கோடுகளைச் செல்லமாக 'விரல்ரேகை' என்பார்கள். இந்த உருவகம் எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. விரல்ரேகை வகைப்பாட்டு முறை வளர்ந்த இடங்களில் முக்கியமானது காலனிய வங்காளம். 1897இல் கல்கத்தாவில் அதற்கென்று அலுவலகம் திறந்தார்கள். எட்வர்டு ஹென்றியின் பெயரில் உலகெங்கும் போன அந்த முறையைக் கட்டியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகளின் பங்கு பெரிது. அந்த முறையின் அடிப்படை எளிது: ஏற்கெனவே காவல்துறைக் கோப்பில் இருப்பவனை மட்டுமே ரேகை காட்டிக்கொடுக்கும். முதல்முறை பிடிபட்டவனின் ரேகை எதையும் சொல்லாது.

நிறமாலை நூலகமும் அப்படித்தான். வந்த கோடுகளை நூலகத்தில் உள்ள கோடுகளோடு ஒப்பிட்டு 'இதுதான்' என்று கணினி சொல்லும். நூலகத்தில் இல்லாத பொருள் என்றால் கை விரித்துவிடும். மேலும், ஒரே நிறை கொண்ட மாற்றியங்கள் பல உண்டு. ஃபுளோரின் அணு வளையத்தின் இரண்டாம் இடத்தில் இருக்கிறதா, மூன்றிலா, நான்கிலா என்பதை நிறை மட்டும் சொல்லாது. அதற்கு நீதிமன்றம் ஏற்கும்படி விடை வேண்டுமானால், அந்தப் பொருளின் தூய மாதிரி ஒன்றைத் தயாரித்தோ வாங்கியோ அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். எந்தப் பொருள் என்றே தெரியாதபோது எந்த மாதிரியை வாங்குவது? ஒரு பொருளைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆவது இதனால்தான். அதற்குள் சந்தை அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது.

இங்கே ஒரு முரணைச் சுட்ட வேண்டும். ஆய்வகத்துக்குத் 'தெரியாத' இந்தப் பொருட்களில் பல, பல்கலைக்கழக நூலகங்களில் அச்சிட்ட பக்கங்களில் ஏற்கெனவே இருந்தவை. 2008 இறுதியில் ஜெர்மனியில் 'ஸ்பைஸ்' என்ற மூலிகைப் பொட்டலத்தில் கண்டுபிடித்த ஜேடபிள்யூஎச்-018 என்ற பொருளின் பெயரிலேயே அதைச் செய்தவரின் தலையெழுத்துகள் இருக்கின்றன: ஜான் டபிள்யூ ஹஃப்மன், கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மூளையின் கன்னாபினாய்டு ஏற்பிகளை ஆராய அவர் செய்த மூலக்கூறு அது. 2019இல் தெருவுக்கு வந்த ஐசோடோனிடசீன், 1950களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வலிநீக்கி தேடியபோது ஆராய்ந்து கைவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் தலைகாட்டிய பாரா-ஃபுளோரோஃபென்டனில் 2020இல் அமெரிக்கத் தெருக்களுக்குத் திரும்பி வந்தது. ஆக, கள்ள ஆய்வகம் கற்பனையில் கண்டெடுப்பது குறைவு. அது மருந்துக் கம்பெனிகளின் பழைய ஏடுகளைப் படிக்கிறது. பெருநிறுவனம் லாபமில்லை என்று போட்டுவிட்டுப் போன மூலக்கூறைச் சட்டம் காட்டிய சந்துவழியாக எடுத்துவருகிறது. 'அறியப்படாத பொருள்' என்பது பெரும்பாலும் மறக்கப்பட்ட பொருள்.

4

2021 நவம்பரில் 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' இதழில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கின்னைடரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கட்டிய இயந்திரத்தின் பெயர் 'டார்க்என்பிஎஸ்'. என்பிஎஸ் என்பது 'புதிய உளவியல் பாதிப்புப் பொருட்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். டார்க் என்பது இருட்டு. பெயரே ஒரு அறிவுக்கோட்பாட்டை வைத்துக்கொண்டிருக்கிறது: இருட்டில் இருப்பவற்றுக்கு வெளிச்சம் காட்டுவது.

அது வேலைசெய்யும் முறை மொழியோடு தொடர்புடையது என்பதால் நமக்கு முக்கியம். ஒரு மூலக்கூறின் கட்டமைப்பை எழுத்துகளின் வரிசையாக எழுதும் முறை ஒன்று வேதியியலில் உண்டு. கரிக்கு ஒரு எழுத்து, நைட்ரஜனுக்கு ஒரு எழுத்து, கிளை பிரிந்தால் அடைப்புக்குறி. உலகெங்குமுள்ள தடயவியல் ஆய்வகங்கள் பங்களித்த தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 1,700 போதைப்பொருட்களை இப்படி வாக்கியங்களாக எழுதி ஒரு நரம்பு வலைப்பின்னலுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஊகித்து அது அந்த மொழியின் இலக்கணத்தைக் கற்றது. பிறகு தானாகவே எழுதத் தொடங்கியது. 89 லட்சம் புதிய மூலக்கூறுகள். அதற்குப் பாடம் முடிந்தபிறகு சந்தைக்கு வந்த 196 புதுப்பொருட்களோடு ஒப்பிட்டால், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன.

இன்னொன்று. இயந்திரம் ஒரே மூலக்கூறைத் திரும்பத்திரும்ப எழுதினால், அது தெருவில் தோன்றுவதற்கான வாய்ப்பும் அதிகம் என்று கண்டார்கள். எனவே தெரியாத பொருள் ஒன்றின் துல்லியமான நிறையைக் கொடுத்தால், அந்த நிறையுள்ளவற்றில் எது வரக்கூடியது என்று இயந்திரம் வரிசைப்படுத்தும். உடைந்த துண்டுகளின் நிறைகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் ஊகமே சரியாக இருந்தது 51 சதவீதம். முதல் பத்து ஊகங்களுக்குள் சரியான விடை இருந்தது 86 சதவீதம்.

சாதனைதான், மறுக்க முடியாது. மாதங்களாக விழிபிதுங்கிய வேதியியலாளருக்கு எந்தப் பத்து மாதிரிகளை முதலில் பார்க்கலாம் என்று சொன்னால் அது பெரிய உதவி. ஆனால் இந்த இயந்திரம் என்ன கற்றது என்று கேட்க வேண்டும். அது வேதியியலை மட்டும் கற்கவில்லை. அதன் பாடநூல் முழுக்கப் போலீஸ் பறிமுதலும் சுங்கச் சோதனையும் பிணக்கூறாய்வும். எங்கே சோதனை நடந்ததோ, எந்தத் தெருவில் எவன் சட்டைப்பையில் கைவிட்டார்களோ, அங்கிருந்து வந்த பொருள்தான் அதற்கு எழுத்துக்கூட்டிக் கொடுத்தது. சட்டத்துக்குத் தப்பிக்க மனிதர்கள் செய்த சிறுசிறு மாற்றங்களின் பழக்கத்தை, அந்த ஓட்டத்தின் நடையை, அது மனப்பாடம் செய்திருக்கிறது. தடைச்சட்டத்தின் வரலாறே இங்கே புள்ளியியலாகியிருக்கிறது. சட்டம் நாளை வேறு திசையில் திரும்பினால், சந்தை முற்றிலும் வேறு குடும்பத்துக்குத் தாவினால், பழைய பாடத்தை வைத்துக்கொண்டு அது தடுமாறவே வாய்ப்பு அதிகம். அதோடு, வரப்போகும் பொருட்களின் பட்டியல் பிடிப்பவனுக்கு வலை என்றால் செய்பவனுக்குச் செய்முறைக் குறிப்பு. இரண்டு பேரும் ஒரே ஏட்டைத்தான் இதுவரை படித்துவந்தார்கள்.

'தேர்வு' என்ற செயல்முறை எழுத்தின் வழியாக மனிதனை ஆவணத்துக்குள் இழுத்து 'வழக்கு' ஆக்குகிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். இங்கே ஆவணத்துக்குள் வருவது மூலக்கூறு. அதை உட்கொண்டவன் ஒரு மாதிரி எண்ணாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

5

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது யாருக்குப் போய்ச் சேர்கிறது? அரசியல் கேள்வி இதுதான்.

1982இல் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா பகுதியில் சிலர் திடீரென்று சிலைபோல உறைந்துபோனார்கள். பேச்சில்லை, அசைவில்லை, முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளின் நிலை. அவர்கள் ஏற்றிக்கொண்டது செயற்கை ஹெராயின் என்று விற்ற ஒரு பொருள். எம்பிபிபி என்ற அபினி வகை மருந்தைச் செய்யும்போது பக்குவம் தவறினால் எம்பிடிபி என்ற நஞ்சு உண்டாகும். அது மூளையில் டோபமின் சுரக்கும் அணுக்களைக் கொல்லும். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் நஞ்சின் முழுவிவரம் தெரியும்வரை காத்திருக்கவில்லை. பத்திரிகைகளைக் கூட்டி, அந்தத் தூளைத் தொடாதீர்கள் என்று தெருவுக்குச் சொன்னார். பெயருக்கு முன்னாலேயே எச்சரிக்கை போனது.

2014 டிசம்பரில் நெதர்லாந்தில் சூப்பர்மேன் சின்னம் பொறித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றில் எக்ஸ்டசிக்குப் பதில் பிஎம்எம்ஏ என்ற ஆபத்தான பொருள் இருப்பதைக் கண்டார்கள். கண்டது போலீஸ் ஆய்வகம் அல்ல. அந்த நாட்டில் 1992 முதல், உட்கொள்கிறவர்களே மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்துச் சோதித்துக்கொள்ளும் முறை நடைமுறையில் இருக்கிறது. கொண்டுவருகிறவனைப் பிடித்துக் கொடுப்பதில்லை. ஊடகங்கள் வழியே நாடு முழுக்க அபாய அறிவிப்பு போனது. அங்கே அந்த மாத்திரையால் யாரும் சாகவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் பிரிட்டனில் அதே மாத்திரையால் சில நாட்களுக்குள் நான்கு பேர் செத்தார்கள். ஒரே மூலக்கூறு, ஒரே வேதியியல். பெயர் எந்த வழியாகப் பயணம் செய்தது என்பதில்தான் நான்கு உயிர்களின் வித்தியாசம். நெதர்லாந்தில் அந்த மாத்திரையைப் பிடிக்க நரம்பு வலைப்பின்னல் தேவைப்படவில்லை. பயப்படாமல் வந்து நீட்டுகிற கை போதுமானதாக இருந்தது.

இயந்திரம் பிறந்த பல்கலைக்கழகம் இருக்கும் வான்கூவரையே எடுத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் அந்த நகரத்தின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில் போதைப்பொருள் உட்கொள்பவர்கள் தங்களுக்கென்று சங்கம் கட்டினார்கள். அவர்களுடைய போராட்டத்துக்குப் பிறகு 2003இல் 'இன்சைட்' என்ற, மருத்துவக் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம் திறந்தது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு நடந்த முதல் இடம் அது. அதை மூட மத்திய அரசு முயன்றபோது 2011இல் கனடாவின் உச்சநீதிமன்றம் தடுத்தது. ஃபென்டனில் கலந்த தூளால் சாவுகள் பெருகி, 2016 ஏப்ரலில் மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. தூளில் எது இருக்கிறது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. அபினி வகை என்றால் நலாக்சோன் கொடுத்து மூச்சைத் திருப்பலாம்; கூடவே பென்சோடயசிபைன் கலந்திருந்தால் அந்தப் பகுதிமீது நலாக்சோன் வேலைசெய்யாது. பெயர் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவன் வேறுமாதிரி நடந்துகொள்வான்.

இதே நகரத்தில் 2022இல் 'டிரக் யூசர் லிபரேஷன் ஃபிரன்ட்' என்ற குழு, தூளை வாங்கி, கருவிகளால் சோதித்து, உள்ளே இருப்பதைப் பெட்டிமேல் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. மருந்துக்கடையில் வாங்குகிற மாத்திரை அட்டைமேல் இருக்குமே, அந்த மாதிரி. 2023 அக்டோபரில் போலீஸ் அதை நடத்தியவர்களைக் கைதுசெய்தது. ஒரே நகரத்தில், சில மைல் தூரத்தில், ஒரு பெயரிடலுக்குப் பெயர் அறிவியல்; இன்னொன்றுக்குப் பெயர் கடத்தல். முந்தையது வழக்குக்கும் அட்டவணைக்கும் பெயர் தருகிறது, பிந்தையது விழுங்கப்போகிறவனுக்குப் பெயர் தருகிறது.

இயந்திரத்தின்மேல் நமக்குக் கோபமில்லை. மாதங்களை நாட்களாகக் குறைக்கிற கருவி, சோதனை மையத்தின் மேசையில் இருந்தால், கையில் பொட்டலத்தோடு வந்து நிற்பவனிடம் 'இது இதுவாக இருக்கலாம், தனியாக இருக்கும்போது எடுக்காதே' என்று அன்றைக்கே சொல்ல முடியும். நீதிமன்றத்துக்கு 51 சதவீதம் போதாது. உயிரைக் காப்பாற்ற நினைப்பவனுக்கு அது ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதே கருவி சட்டத்தின் கையில் மட்டும் இருந்தால், நூறாண்டாக ஓடும் துரத்தலின் வேகத்தைத்தான் கூட்டும். பெயர் சீக்கிரம் வரும், தடை சீக்கிரம் வரும், அடுத்த பெயரற்ற தூளும் சீக்கிரம் வரும். அந்தத் தூளை முதலில் சோதித்துப் பார்ப்பது எப்போதும்போல ஏதோ ஒரு மனித உடம்பாகத்தான் இருக்கும்.

எனவே இந்தத் துறையில் புதுக் கருவி வரும்போதெல்லாம் அதன் துல்லியத்தைப் பற்றி மட்டும் கேட்டுத் திருப்தியடையக் கூடாது. யாருடைய சாவிலிருந்து அது கற்றது, அதன் விடை எந்த அலுவலகத்துக்கு முதலில் போகிறது, அதைத் தெரிந்துகொள்ள வருகிறவன் கைதாகாமல் வீடு திரும்ப முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வராத ஊரில், 89 லட்சம் பெயர்கள் இருந்தும் செத்தவனுக்கு அது ஒரு அறிக்கையின் கடைசி வரிதான்.